சிவப்புப் போர்வை

சீப்பு சிக்கிக்கொண்டது. "ஆடாம இருங்க" என்றாள் டெர்வல். டோனகா ஆடவில்லை, ஆடியது அவள் கைதான். அதைச் சொன்னால் காலை முழுக்க அந்தப் பேச்சாகவே இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பார்த்தபடி என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. இடது கண் போன வருஷ அறுவடையோடு போய்விட்டது. வலது கண்ணில் பாலாடை படிந்த மாதிரி. வெளிச்சம் தெரியும், நிறம் தெரியும், ஆள் வந்தால் ஆள் என்று தெரியும், எந்த ஆள் என்பதற்குக் குரல் வரும்வரை பொறுக்க வேண்டும். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் புலப்படாது. கொஞ்சம் சாம்பல் பூத்த கண், ஆனால் அவன் வம்சத்தில் எல்லோருக்கும் சாம்பல் கண்தான், அந்த மட்டில் அப்பனும் பாட்டனும் செய்துவிட்டுப் போன உபகாரம். விஷயம் தெரிந்தவள் மனைவி டெர்வல் ஒருத்திதான். அவளிடமும் அவனாகச் சொல்லவில்லை. ஒருநாள் சாப்பாட்டில் கத்தியை எடுக்கப் போய் எரிகிற மெழுகுத்திரியைப் பிடித்தான், அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். அவ்வளவுதான் பேச்சு. அயர்லாந்தின் மேற்கே, இரண்டு ஏரிகளுக்கு நடுவில், மண்ணைக் குவித்து வட்டமாகச் சுவர் எழுப்பிய இந்தக் கோட்டைக்கும் அதைச் சுற்றி மாடு மேய்கிற நிலத்துக்கும் டோனகா தலைவன். ராஜா மேலே ஒருத்தர் இருக்கிறார், வரி வாங்க மட்டும் வருவார். ஆனால் ராஜாவுக்கு உள்ள சட்டம் தலைவனுக்கும் உண்டு. உடம்பில் குறை விழுந்தவன் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் பால் வற்றும், பயிர் கருகும், மீன் வலைக்கு வராது. இந்த வருஷம் ஓட்ஸ் பயிர் மழையில் சாய்ந்து அழுகியது. எல்லாருடைய ஓட்ஸும்தான் அழுகியது, ஏரிக்கு அப்பால் இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற தலைவர்களுடையதும் அழுகியது, அவன் விசாரித்துவிட்டான். விசாரித்தும் மனசு ஆறவில்லை.

"சிவப்புப் போர்வை" என்றாள் டெர்வல், சீப்பைத் தலையிலிருந்து எடுக்காமலே. "நான் நெய்து அனுப்பினேன்ல, அதைத்தான் போட்டுக்கிட்டு வருவான். சிவப்பு தெரியும்ல உங்களுக்கு?" "தெரியும்." "இது என்ன நிறம்?" எதையோ முகத்துக்கு நேரே ஆட்டினாள். "பச்சை. உன் இடுப்புப் பட்டை. நான் குழந்தையா?" மறுபடி சீப்பு ஓடியது. இன்று மகன் வருகிறான். ஃபேலிம். ஏழு வயதில் போனவன் பதினேழு வயதில் வருகிறான். இந்த நாட்டில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளை யாரும் வீட்டில் வைத்து வளர்ப்பதில்லை. வேறொரு வீட்டுக்கு அனுப்புவார்கள், அங்கே குதிரையும் வாளும் மரியாதையும் கற்று ஆளாகித் திரும்ப வேண்டும். வீட்டில் வளர்ந்தவன் கோழை என்று பேர். டோனகாவும் அப்படித்தான் போனான், அவன் அப்பாவும் அப்படித்தான். ஃபேலிமைக் கூட்டிப் போக ஏரிக்கு அப்பாலிருந்து ஆர்ட்கல் வந்தான், சின்னத் தலைவன், பெரிய சிரிப்புக்காரன். பிள்ளை டோனகாவின் சேணத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தது யார்? டெர்வல் தான்தான் என்பாள். அவனுக்குத் தன் கை என்றே ஞாபகம். பிஞ்சு விரல், பிசுபிசுப்பு, தேன் தின்றிருந்தான். பிரித்த கை யாருடையதாக இருந்தால் என்ன, பிரித்தாயிற்று. ஆனால் அது இல்லை அவனை அறுப்பது, சந்தைதான் அறுப்பது. ஃபேலிமுக்குப் பதினொரு வயது இருக்கும்போது கோடைச் சந்தை. கண் நன்றாக இருந்த காலம். கூட்டத்துக்குள்ளிருந்து பிள்ளை "அப்பா, அப்பா" என்று கூவிக்கொண்டு ஓடி வந்தான். டோனகா கையிலிருந்த குதிரைக் கயிற்றை விட்டுவிட்டுக் குனிந்தான், இரண்டு கையையும் விரித்தான். பிள்ளை அவன் பக்கமாகவே வந்து, அவனைத் தாண்டி, பின்னால் நின்ற ஆர்ட்கலின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். பிறகு இவனைப் பார்த்து, கை கட்டி, "வணக்கம் ஐயா" என்றான். அதில் தப்பில்லை, வழக்கமே அது. கொஞ்சிக் கூப்பிடுகிற சொல் வளர்த்தவனுக்கு, மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் பெற்றவனுக்கு. டோனகாவும் தன்னைப் பெற்றவரை ஐயா என்றுதான் கூப்பிட்டான், ஒருநாளும் வேறு மாதிரி தோன்றியதில்லை. விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் கிடந்த கயிற்றை எடுத்தான். அந்தக் கயிறு ஈரமாக இருந்தது.

"ஆச்சு" என்று டெர்வல் சீப்பை வைத்தாள். தாடியை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள், சரிபார்ப்பதுபோல. "குவளையைக் கொடுக்கும்போது கை நடுங்கக் கூடாது." "உன் கைதான் நடுங்குது" என்று கடைசியில் சொல்லிவிட்டான். அவள் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் வாசலில் வெளிச்சம் மறைந்தது, ஒரு கறுப்பு உருவம், பெரிய உருவம், பேசாமல் நிற்கிறது. யார்? யாராக இருந்தாலும் முதலில் தான் பேசிவிட வேண்டும், அதுதான் அவன் இந்த ஒரு வருஷத்தில் கற்ற வித்தை, ஆனால் பேசப் பெயர் வேண்டும். ஈரத் தோல் வாசனை, ஒரு கனமான மூச்சு. "உள்ள வா, கஹல்" என்றான். "வாரேன் அண்ணா" என்றது உருவம். கஹல் அவன் பெரியப்பா மகன், இரண்டு வயது இளையவன். "மலைமேல ஆள் பார்த்துட்டானாம், குதிரைங்க ஏரிக்கரையைச் சுத்தி வந்துட்டிருக்கு. எல்லாரும் கூடியாச்சு. நீங்க வந்தா சரி." குரலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கஹலிடம் எப்போதுமே குறை சொல்ல ஒன்றும் இருக்காது, அதுதான் பயம். போன வாரம் விருந்தில் டோனகா அவன் குவளையில் ஊற்றியதாக நினைத்துப் பலகையில் ஊற்றினான். கஹல் கை நீட்டித் துணியெடுத்துத் துடைத்தான், நிதானமாக, மூலைவரைக்கும். அந்தத் துணி பலகையில் உரசின சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கஹலைக் கெட்டவன் என்று சொல்ல டோனகாவாலேயே முடியாது. கஹலின் அப்பாதான் முன்னே தலைவர். குதிரையிலிருந்து விழுந்தார், மூக்கு உடைந்து முகத்தோடு முகமாக அமுங்கிவிட்டது, குறை விழுந்தாயிற்று. மறுநாளே உறவெல்லாம் கூடி டோனகாவின் அப்பாவைத் தலைவராக்கினார்கள். யாரும் அவரை அவமானப்படுத்தவில்லை. நெருப்புக்குப் பக்கத்தில் நல்ல இருக்கை, முதல் வெட்டு இறைச்சி, எல்லாம் கொடுத்தார்கள். அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மாடு வாங்கவா, கேட்கவில்லை. மழை வருமா, அதைக்கூடக் கேட்கவில்லை. நல்ல இருக்கையில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தார். சின்னப் பையன் கஹல் அவர் காலடியில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் நடக்கிறதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான். அப்போதே கற்றிருப்பான் பார்க்க. டோனகாவுக்கு அந்த இருக்கை எந்த இடத்தில் கிடக்கிறது என்று கண் இல்லாமலே தெரியும். தினமும் அதைச் சுற்றிக்கொண்டு போகிறான்.

எழுந்து நடந்தான். தன் வீட்டுக்குள் அவனுக்குக் கண் வேண்டாம். நெருப்பிலிருந்து கதவுக்கு எவ்வளவு, கதவிலிருந்து முற்றத்துக்கு எவ்வளவு என்று கால் அறியும். வாசலில் ஒரு படி, ஃபேலிம் பிறந்த வருஷம் அவனே ஆளோடு ஆளாக உருட்டிக் கொண்டுவந்து போட்ட கல், அதில் இடது பக்கம் ஒரு பள்ளம், மழைத்தண்ணீர் நிற்கும். பள்ளத்தைத் தாண்டிக் காலை வைத்தான். வெளியே தூறல். கூட்டத்தின் ஓசை ஒருமுறை எழுந்து அடங்கியது. நனைந்த கம்பளி வாசனை, நாய்கள், யாரோ பிள்ளையை அதட்டுகிறார்கள். பெண்கள் வலது கைப்பக்கம் நிற்பார்கள், டெர்வல் அங்கே போய்விட்டாள், வழக்கம் அது. கஹல் இடது கைப்பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், பார்த்தால் தெரிகிற தூரத்தில். டோனகா கையில் மரக்குவளை, புதுப்பால், இன்னும் சூடு. திரும்பி வருகிற மகனுக்கு எல்லோர் முன்னாலும் தகப்பன் தன் கையால் குவளை கொடுத்து, மகனே என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் இவன் இன்னார் பிள்ளை, இந்த வம்சத்தான் என்று உறவு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நாளைக்குத் தாடி முளைத்ததும் சபையில் அவன் பெயரைச் சொல்லலாம், அடுத்த தலைவனாக. தாடி இல்லாதவன் பெயர் செல்லாது. ஆகையால் டோனகா பொறுக்க வேண்டும், இன்னும் இரண்டு மூன்று வருஷம், கண் இருக்கிற மாதிரி இருக்க வேண்டும். இன்றைக்கே விழுந்தால் கஹல்தான், கஹலுக்குப் பின் கஹலின் மூன்று பிள்ளைகள். ஃபேலிமுக்குக் கொஞ்சம் மாடும், நெருப்புப் பக்கத்து இருக்கையின் காலடியும் கிடைக்கும். அங்கிருந்து அவன் யாரைப் பார்த்துக்கொண்டிருப்பான்? ஆர்ட்கலுக்கும் ஒரு மகன் உண்டு, கோர்மாக், ஃபேலிமின் வயதுதான், ஒரே படுக்கை, ஒரே தட்டு என்று சேர்ந்து வளர்ந்தவர்கள், அவனும் கூட வருகிறான். உயரமும் ஒன்றாம், நடையும் ஒன்றாம், வந்துபோகிற ஆட்கள் சொல்லிச் சிரித்தார்கள். டோனகாவும் சிரித்தான், அன்று இரவு தூங்கவில்லை. நல்லவேளை, சட்டம் நிறத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. வளர்ப்பு வீட்டில் இருக்கும் பிள்ளை பெற்றவனின் தகுதிக்கு ஏற்ற நிறத்தில்தான் உடுத்த வேண்டும். பெரிய தலைவன் மகனுக்குச் சிவப்பு, சின்னத் தலைவன் மகனுக்குக் காய்ந்த புல் நிறம். எந்தப் புண்ணியவான் எழுதினானோ. ஆர்ட்கலின் வீட்டில் கண் தெரியாத யாழ்க்காரர் ஒருவர் இருக்கிறாராம், பிள்ளைகள் முறைபோட்டுக் கையைப் பிடித்து நடத்துவார்களாம், அதையும் அந்த ஆட்கள்தான் சொன்னார்கள். அந்தப் பேச்சு அவனுக்குப் பிடிக்கவில்லை. அது ஏன் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது, சிவப்பு, சிவப்பு, சிவப்பை நினை.

நாய்கள் குரைத்தன. குளம்புச் சத்தம் கோட்டை வாசல் பலகைமேல் ஏறியது. "வந்துட்டோம்!" ஆர்ட்கலின் தொண்டை, அதில் மாற்றமில்லை. குதிரைகள் நின்றன, யாரோ இறங்கினார்கள், ஈரத்தில் பாதம் பதிகிற சத்தம், பிறகு பேச்சு நின்றது. எல்லோரும் அவனைப் பார்க்கிறார்கள். தூறலுக்குள் இரண்டு நீள உருவம், ஒன்று மங்கல், ஒன்று சிவப்பு. சிவப்பு! மங்கலுக்குப் பக்கத்தில் நெருப்புத் துண்டு மாதிரி. பாலாடைக்குள்ளேயும் தெரிகிறது, டெர்வல், தெரிகிறது. அவன் நெஞ்சு நிமிர்ந்தது. மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது, ஃபேலிம், டோனகாவின் மகனே, உன் வீட்டுக்கு வா என்று. நேராக நடந்தான், அளந்து நடக்காமல், கண் உள்ளவன் நடை. சிவப்பின் முன் நின்றான். குவளையை நீட்டினான். வாய் திறந்தால் வாக்கியம் வரவில்லை, தேன் பிசுபிசுத்த விரல்தான் வந்தது. "வா, மகனே" என்று மட்டும் வந்தது. அதுவும் பாதிக் குரலில். குவளையைப் பிடிக்க ஒரு கை வந்தது. கொதிக்கிற கை. காய்ச்சல் கை. பிடித்தது, பிடித்துவிட்டு எடுக்காமல் நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு மூச்சு, டெர்வலின் மூச்சு, அவன் இருபத்தைந்து வருஷமாகக் கேட்கிற மூச்சு, உள்ளே போனது வெளியே வரவில்லை. அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள், யாரோ குசுகுசுவென்று பேசினார்கள். இடது பக்கம் கஹலின் காலடி, ஒன்று, இன்னொன்று, ஈரத் தோல் வாசனை. குவளை அவன் கைக்கும் அந்தக் கைக்கும் நடுவில் நிற்கிறது, கொடுத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை. நெருப்புப் பக்கத்து இருக்கை. முதல் வெட்டு இறைச்சி. மழை வருமா என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள்.

"வாங்கிக்க கோர்மாக், ஐயா உனக்குத்தான் கொடுக்கறாரு" என்றது மங்கல் நிறம். டோனகாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அது அவன் அப்பாவின் குரல், செத்துப்போன அவன் அப்பா இளமையில் பேசியிருந்தால் இப்படித்தான் பேசியிருப்பார், மூக்கில் கொஞ்சம், கடைசிச் சொல்லை விழுங்கி. "கோடையில நான் ஏரியில முழுகினப்ப என்னைக் கரைக்கு இழுத்தவன் இவன். முதல் குவளை இவனுக்குக் கொடுங்கன்னு நானே கேக்கணும்னு இருந்தேன். கேக்காமலே ஐயா கொடுத்துட்டாரு." கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு, நல்ல முணுமுணுப்பு. "அண்ணனுக்கு அது எப்படித் தெரியும்?" என்றான் கஹல். கோபமாகக் கேட்கவில்லை, பலகை துடைத்த அதே நிதானம். "மகனேன்னும் சொன்னாரே." மங்கல் நிறம் உடனே பேசியது. "என் கூடப் பொறக்காத அண்ணன் இவன். அவருக்கு மகன் முறை இல்லாம வேற என்ன முறை? ஏரியில நடந்ததை ஆர்ட்கல் அப்பாதான் ஆள் விட்டுச் சொன்னாரு. சொன்னீங்கள்லப்பா?" ஒரு மூச்சு நேரம் ஆர்ட்கல் பேசவில்லை. அந்த ஒரு மூச்சு நேரத்தில் டோனகா சந்தையில் விழுந்த குதிரைக் கயிற்றைப் பார்த்தான், அதன் ஈரத்தைப் பார்த்தான், இந்தச் சிரிப்புக்காரன் கையில்தான் இப்போது எல்லாமும் இருக்கிறது என்று பார்த்தான். "சொன்னேன்" என்றான் ஆர்ட்கல். "சொல்லாம இருப்பேனா?" ஏரியில் யாராவது முழுகினார்களா இல்லையா என்று டோனகாவுக்குத் தெரியாது, ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. கொதிக்கிற கை குவளையை வாங்கிக்கொண்டது. பையன் குடிக்கிறது கேட்டது, பல் குவளை விளிம்பில் கடகடத்தது, பாவம், நிற்கவே முடியாத காய்ச்சல். கஹல் அங்கேயே நின்றான். பிறகு, "நல்லா வளர்த்திருக்கீங்க" என்றான். அதை ஆர்ட்கலைப் பார்த்துச் சொன்னான் என்பது குரல் போன திசையில் தெரிந்தது.

டெர்வல் இன்னொரு குவளையோடு வந்து டோனகாவின் கையில் வைத்துவிட்டாள், வழக்கம் என்னவாக இருந்தால் என்ன. "ஃபேலிம், இந்தப் பக்கம் வா" என்று தேவைக்கு மேலே உரக்கச் சொன்னாள். மங்கல் நிறம் நெருங்கி வந்தது. குவளையைப் பிடித்த டோனகாவின் கைமேல் ஒரு கை வந்து மூடிக்கொண்டது, பெரிய கை, வாள் பிடித்துக் காய்ப்பு ஏறிய கை, பிசுபிசுப்பு ஒன்றும் இல்லை. குவளையை அப்படியே அவன் கையோடு தூக்கிக் குடித்தான் பிள்ளை. டோனகாவின் விரல் முட்டி அவன் தாடையில் பட்டது. பூனைமயிர்தான், ஆனால் முளைத்திருக்கிறது. விரலை எடுக்க மனசில்லாமல் எடுத்தான். கூட்டம் ஓவென்று சத்தம் போட்டது, நாய்கள் சேர்ந்துகொண்டன, எல்லோரும் நகரத் தொடங்கினார்கள், விருந்து, இறைச்சி, தூறலை விட்டு உள்ளே. சத்தத்துக்குள் ஃபேலிம் குனிந்து, "வழியில கோர்மாக்குக்குக் குளிர் தூக்கிப் போட்டுச்சு. கெட்டிப் போர்வை என்னுதுதான். அதான் போத்திவிட்டேன்" என்றான். "நல்ல காரியம்" என்றான் டோனகா. வேறென்ன சொல்ல. "எவ்வளவு நாளா?" என்றான் ஃபேலிம். "எது?" என்றான் டோனகா. பிள்ளை டோனகாவின் முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்தான், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாதபடி, மகன் தகப்பனை மரியாதைக்குப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி, பழகின கை, யாழ்க்காரரை நடத்திப் பழகின கை. அழவேண்டும் போல இருந்தது, எத்தனையோ பேர் நடுவில் அழ முடியாது, மூக்கை உறிஞ்சிக்கொண்டான், தூறல்மேல் பழி போட்டான். பின்னால் கஹலின் ஈரத் தோல் வாசனை வந்துகொண்டே இருந்தது. கஹல் நம்பவில்லை, நாளைக்கும் பார்ப்பான், நாளன்றைக்கும் பார்ப்பான், பார்க்கட்டும், இப்போது இந்தப் பக்கமும் பார்க்க ஒரு ஜோடிக் கண் இருக்கிறது. பிள்ளை அப்பா என்று கூப்பிடவில்லை. அதை எதிர்பார்க்கவும் இல்லை, அது ஆர்ட்கலுடையது, இன்றைக்கு அதற்கான விலையை ஆர்ட்கல் கொடுத்தும்விட்டான். வீட்டு வாசல் வந்தது. காலடியில் மண் முடிந்து கல் தொடங்கப் போகிறது, கால் அறியும், பள்ளம் இடது பக்கம், தாண்டி வைக்க வேண்டும். முழங்கையில் பிடி கொஞ்சம் இறுகியது.

"இங்க ஒரு படி இருக்கு, ஐயா" என்றான் ஃபேலிம்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு, டோனகா காலைத் தூக்கி வைத்தான்.